நூற்றறுபத்தைந்து, எண்பது, பதினாலு

ஜனவரி 6, திங்கள்

இந்த நோட்டு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடக்குறிப்பு. முன்பக்கம் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவதற்கு. பின்பக்கத்திலிருந்து எனக்காக எழுதிக்கொள்கிறேன். வீட்டில் எழுத வழியில்லை, வாய்விட்டுச் சொல்லவும் ஆளில்லை. உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் போர்டு முன்னால் அப்படியே விழுந்துவிடுவேன் போலிருக்கிறது.

காருக்கு டயர் மாற்ற வேண்டும். நாலும் மொட்டை. "மாத்தறதுதான் மாத்தறோம், அலாய் வீலே போட்டுரலாம்" என்று காலையில் என் வீட்டுக்காரர் சொன்னார். அவருடைய அண்ணன் காரில் அலாய் மின்னுகிறதாம். "உங்க இஷ்டமுங்க" என்றேன். எனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை.

மூன்றாம் பீரியடில் வட்டத்தின் சுற்றளவு நடத்தினேன். ஒரு சக்கரத்தின் விட்டம் இவ்வளவு, ஒரு கிலோமீட்டர் போக எத்தனை முறை சுற்றும்? வருஷா வருஷம் போடுகிற கணக்குதான். சக்கரம் பெரிதானால் சுற்று குறையும் என்று எழுதிவிட்டுத் திரும்பியபோது சாக்பீஸ் கையிலிருந்து நழுவிவிட்டது. "உடம்பு சரியில்லீங்களா மிஸ்?" என்று முன்பெஞ்சுப் பெண் கேட்டாள். வெயில் என்று சொன்னேன்.

ஜனவரி 7, செவ்வாய்

கார் மீட்டர் ரோட்டை அளப்பதில்லை. சக்கரம் சுற்றியதை மட்டும் எண்ணுகிறது.

ஜனவரி 9, வியாழன்

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

என் மகள் சிந்துஜா போன ஆனி மாதம் வீட்டை விட்டுப் போய் ரூபனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. எங்கள் பக்கத்தில் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அன்றைக்குக் கூடத்தில் நின்று பெரியவர், இவருடைய அண்ணன் முத்துவேலப்பன், சொன்னார்: "கண்ணுல பட்டா ரெண்டு பேத்தையும் விட மாட்டேன்." இவர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். அடுத்த வாரம் ரூபனுடைய அப்பாவின் பைக் வாசலிலேயே எரிந்தது. யார் என்று போலீசுக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசவுமில்லை.

அன்றிலிருந்து தினமும் நான் வீடு திரும்பியதும் இவர் கார் மீட்டரைப் போனில் படம் பிடிக்கிறார். ஈரோட்டு வீட்டிலிருந்து விஜயமங்கலம் பக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போக வர அறுபது கிலோமீட்டர். மின்வாரியத்தில் கணக்கீட்டு ஆய்வாளர் இவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மீட்டர் பார்த்தே சம்பளம் வாங்குகிற மனுஷர். இப்போது வீட்டிலும் அதே உத்தியோகம்.

டிசம்பரில் ரூபன் என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். இங்கிருந்து ரெண்டு கிலோமீட்டரில் சிப்காட் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருக்கிறார்களாம். இவ்வளவு பக்கத்தில் யாரும் தேடமாட்டார்கள் என்ற தைரியம். பைத்தியக்காரத் தைரியம்! சிந்து மாசமாக இருக்கிறாள், பிரஷர் ஏறிவிட்டது, எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவன் ஷிப்டுக்குப் போனால் தண்ணீர் மொண்டு கொடுக்க ஆளில்லை. சொல்லும்போது அந்தப் பையன் அழுதுவிட்டான். போன் எங்கே போகிறது என்றும் இவர் பார்ப்பார் என்பதால் அதை ஸ்டாஃப் ரூமில் சார்ஜில் போட்டுவிட்டு மதியமே போனேன். கால் ரெண்டும் வீங்கிப்போய் படுத்திருந்தாள். "வந்துட்டியாம்மா" என்றாள். ஒரு கைப்பிடி ரசம் சோறு ஊட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மீட்டர் அறுபத்துநாலு. "நாலு எச்சா ஓடியிருக்குதே?" என்றார். ரோடு வேலை நடக்குதுங்க, சுத்தி விட்டாங்க என்றேன். மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அந்த ரோட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்! "ரோடு வேலை ஒண்ணுங்காணமே" என்றார். முடிஞ்சிருக்கும்ங்க என்றேன்.

அதற்கப்புறம் நான் அங்கே போகவில்லை. ஆட்டோவில் போகலாமே என்றால், பெரியவர் செய்வது ஆட்டோ பைனான்ஸ். இந்த வட்டாரத்து ஸ்டாண்டில் பாதிப்பேர் அவரைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டுகிறவர்கள். டீச்சர் வெயிலில் சோற்றுத் தூக்குப்போசியோடு நடந்து போனால் நாலு பேர் வண்டியை நிறுத்தி எங்கே என்று கேட்பார்கள். கார்தான் வழி. காருக்குத்தான் மீட்டர் இருக்கிறது.

ஜனவரி 11, சனி

டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பதை இத்தனை வருஷம் கார் ஓட்டியும் நான் படித்ததில்லை. 155/80 R13. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் ரப்பரின் உயரம் என்பது. கடைசி எண் நடுவிலுள்ள ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மோடு மேலும் கீழும் ரப்பரைச் சேர்த்தால் முழுச் சக்கரத்தின் உயரம் வரும்.

கணக்கு போட்டேன். பதினாலு அங்குல அலாய் போட்டு அதில் 165/80 டயர் மாட்டினால் சக்கரம் நூற்றுக்கு ஏழு பெரிதாகிறது. அறுபத்துநாலு ஓடினால் மீட்டர் அறுபதுதான் காட்டும். மூன்று தடவை சரிபார்த்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்து வாயில் போட்டு மென்றுவிட்டேன். இப்போது இங்கே எழுதியிருக்கிறேன், என்ன பிரயோஜனம்? பயத்தில் புத்தி மழுங்கிக்கொண்டு வருகிறது.

ஜனவரி 13, திங்கள்

நாளைக்குப் பொங்கல். அவர் போனில் அலாய் படமாகக் காட்டிக்கொண்டிருந்தார். பதினாலு அங்குலம் அவருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் டயர் 165/65 போட வேண்டுமாம், அதுதான் ஸ்டைலாம். ரிம் பெரிதாகி ரப்பர் மெலிந்தால் மொத்தத்தில் சக்கரம் அதே உயரம்தான். இன்னும் சொன்னால் ஒரு நூல் குறைவு. அதைப் போட்டால் பள்ளிக்கூடம் போய்வந்தாலே அறுபதைத் தாண்டிவிடும்.

"மெல்லிசு டயர்னா குழியில விழுந்தா ரிம் வளைஞ்சுருமுங்க, நம்ம ஸ்கூல் ரோடு எப்படின்னு உங்களுக்கே தெரியும்" என்றேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "நீ எப்ப இருந்து டயரெல்லாம் பார்க்க ஆரம்பிச்சே?" தினமும் ஓட்டறவ நானுங்களே என்று சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை.

ஜனவரி 20, திங்கள்

குழிக்குப் பயந்து இவர் எண்பதுக்கே ஒத்துக்கொள்ள, சனிக்கிழமை தனபால் டயர் கடைக்குப் போனோம். இவர் ஆபீசிலிருந்து வந்த போனைப் பேச வெளியே போனார். அந்த நேரம் பார்த்துத் தனபால் ஆரம்பித்தார்: "ஏனுங் டீச்சர், எண்பது கேக்கறீங்க, கம்பெனி அளவுல இருந்து மூணு பர்சன்டுக்கு மேல தாண்டக் கூடாதுங்க. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் உள்ளார உரசும். மீட்டரும் கம்மியாக் காட்டும்."

"உரசினா உரசட்டுமுங்க. மீட்டர் சமாச்சாரத்தை மட்டும் சார்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. எல்லாத்துலயும் கணக்குப் பார்க்கிறவரு, அப்புறம் இன்னிக்கு வேலை நடக்காது" என்றேன். தனபால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே இவர் உள்ளே வந்துவிட்டார். "என்ன சிரிப்பு?" "மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும்ங்க சார், அதச் சொல்லீட்டிருந்தேன்" என்றார் தனபால். அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

மாட்டி முடித்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை முன்னால் நகர்த்தினார் இவர். பழம் நசுங்கிய சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் ஒருமாதிரி ஆகிவிட்டது. சாமி, என் பிள்ளையைக் காப்பாற்று என்று மட்டும் கும்பிட்டேன். "எதுக்கு இவ்வளவு நேரம் கும்படறே, டயருக்குத்தானே" என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

நேற்று போனேன். வந்தேன். அறுபது. படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜனவரி 29, புதன்

தினமும் மதியம் போகிறேன். மதிய இடைவேளையும் அடுத்த பீரியடும் எனக்குக் காலி. சிந்துவுக்குத் தலை வாரி, சமைத்து, அடுத்த வேளைக்கும் மூடி வைத்துவிட்டுத் திரும்புகிறேன். அவள் வாய் ஓய்வதில்லை. "அப்பா என்னைக் கேட்டாராம்மா?" என்று இன்றைக்கு மறுபடியும் கேட்டாள். கேட்கல கண்ணு என்றேன். வேறு என்ன சொல்ல?

வழியில் எந்த வண்டி பின்னால் வந்தாலும் எனக்கு அது பெரியவர் வண்டியாகத் தெரிகிறது. இன்று ஒரு பால் வண்டியைப் பார்த்துப் பயந்து சந்துக்குள் திருப்பிவிட்டேன். டயர் உள்ளே உரசி கர்ரென்றது. நாய் கூடத் திரும்பிப் பார்த்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஐயோ, நேற்று என்ன முட்டாள்தனம் செய்தேன்! மாவட்டக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வந்துவிட்டார், மதியம் நகர முடியவில்லை. நேராக வீட்டுக்குப் போனேன். போகாத நாளில் மீட்டர் ஐம்பத்தாறுதான் காட்டும் என்பது கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது. எங்கேயாவது நாலு கிலோமீட்டர் சும்மா சுற்றிவிட்டு வந்திருக்க வேண்டும். இவர் ஏற்கெனவே போனோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

குனிந்து பார்த்தார். படம் எடுத்தார். "காப்பி போடு" என்றார். அவ்வளவுதான். கவனிக்கவில்லை போலிருக்கிறது. தப்பித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

இவர் நேற்று ரெண்டு கிலோ மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு வந்து காரின் பின்சீட்டில் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் யாரும் மாதுளை தின்பதில்லை. "ஸ்கூல்ல பசிச்சாத் தின்னு" என்றார். என்னவோ சோதித்துப் பார்க்கிறார். பழத்தை எண்ணி வைத்திருப்பார், எத்தனை மீதி வருகிறது என்று பார்ப்பார். அப்படியே திருப்பிக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். சிந்துவுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, அங்கேயே உரித்து வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்காததுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

நேற்று குலதெய்வக் கோயிலுக்கு மாசிப் பூசை.

வருஷா வருஷம் எல்லாரும் ஒரே காரில் போவது வழக்கம். பெரியவர் முன்சீட்டில் உட்காருவார். வீட்டு வாசலில் தேங்காய் உடைத்ததும் மீட்டரில் அந்தப் பயணத் தூரத்தை எண்ணும் ட்ரிப்பை ஜீரோ செய்வது அவருடைய உரிமை, அதை வேறு யாரும் தொடக் கூடாது. கோயில் வாசலில் நிறுத்தியதும் "நூத்திப் பன்னெண்டு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். எந்தக் காரில் போனாலும் நூற்றுப்பன்னிரண்டு. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து கேட்கிறேன். அப்படியிருந்தும் இதை மறந்தேனே! கணக்கு டீச்சராம்.

அவர் விரல் அந்தப் பொத்தானை அழுத்தியபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வழி முழுக்க, பஞ்சராகட்டும், கார் நின்றுபோகட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். ஒன்றும் ஆகவில்லை. கோயில் வாசலில் பெரியவர் குனிந்து பார்த்தார்.

"ஏண்டா நல்லசிவம், நூத்தி நாலுங்குது?"

நான் பின்சீட்டில் பொங்கல் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

"புதுசா பைபாஸ் போட்டிருக்காங்கண்ணா, அதுல வந்தோம்ல. எட்டு கிலோமீட்டர் மிச்சம்" என்றார் இவர்.

பைபாஸ் எதுவும் கிடையாது. பழைய ரோட்டில்தான் போனோம். பெரியவர் பாதி வழி தூங்கிக்கொண்டு வந்தார். இவர் பொய் சொன்னார். எனக்குத் தெரிந்து அண்ணனிடம் இவர் சொன்ன முதல் பொய். கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் இவருக்குத் தெரியும். மெதுவாக ஓடும் மீட்டரைக் கண்டுபிடித்துப் பிழைக்கிறவரிடம் மெதுவாக ஓடும் மீட்டரைக் காட்டி ஏமாற்றினேன் என்று நினைத்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் ஏன் மறைத்தார்? அண்ணனுக்கு முன்னால் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்றா?

பிப்ரவரி 25, செவ்வாய்

நேற்று நான் வீடு வந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு "பொழுதோட வந்துருவேன்" என்று கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. ரூபனுக்குப் போன் செய்யவும் பயம், என் போனில் எந்த நம்பர் போனாலும் பார்ப்பார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு வந்து, சோறு போட்டதும் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார். சட்டையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஆமாம், ரத்தம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன்.

இன்று மதியம் ஓடினேன். சிந்து நன்றாக இருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாதான் வாசலில் என்னை நிறுத்திச் சொன்னாள்: "உங்க காரு மாதிரியே ஒண்ணு நேத்து சந்து முனையில ரொம்ப நேரம் நின்னுச்சுங்க. ஒரு ஆளு உள்ளாரயே உக்காந்திருந்தாரு. இறங்கவே இல்ல."

பிப்ரவரி 27, வியாழன்

நேற்று காலை நான் சாவியைத் தேடியபோது அது அவர் கையில் இருந்தது. "இன்னிக்கு நான் ஓட்டறேன், ஏறு" என்றார்.

பெருந்துறை தாண்டியதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணன் நேத்துத் தனபால் கடைக்குப் போயிருக்கான். டயர் அளவு கேட்டிருக்கான். மீட்டர் எவ்வளவு கம்மியாக் காட்டும்னும் கேட்டிருக்கான்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்ங்க?"

"மாட்டின வாரமே தெரியும்."

பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனார். நான் வழி சொல்லவில்லை. நேராக அந்தச் சந்து முனைக்குப் போய் நிறுத்தினார். "ஏறச் சொல்லு. அந்தப் பையனையுந்தான். சேலத்துல என்கூட வேலை பார்த்தவரு வீடு இருக்குது. கொண்டுபோயி விட்டுரலாம். இன்னிக்கு இல்லீனா நாளைக்கு அண்ணன் இங்க வந்துருவான்." அவர் போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது. கட் பண்ணினார். மறுபடி அடித்தது. "போ, சீக்கிரம்" என்றார்.

ரூபன் நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பாவா? அப்பாவே வந்திருக்காரா?" அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். செருப்பைத் தேடினாள். "இரு" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன். அந்த மனுஷருக்குக் குழம்பில் எவ்வளவு உப்பு என்று தெரியும், எந்தக் காது கொஞ்சம் மந்தம் என்று தெரியும். இது ஒன்று மட்டும் தெரியவில்லை. அண்ணனிடம் எனக்காகப் பொய் சொன்னவர் இவர்தான். அன்றைக்குக் கூடத்தில் நின்று தலையாட்டியவரும் இவர்தான். சேலம் என்கிறார், யார் வீடு என்று பெயர் சொல்லவில்லை. போன் வேறு விடாமல் அடிக்கிறது. நம்பி அனுப்பி நான் தப்பாகிவிட்டால் என் பிள்ளையும் போவாள், அவள் வயிற்றிலிருப்பதும் போகும். நம்பாமல் இருந்து தப்பாகிவிட்டால் அவர் பெண்ணைப் பார்க்காமல் போவார். அப்படியானால் அவர்தான் இழக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

லைன் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு மண் ரோடு இருக்கிறது. ரூபன் சிநேகிதனுக்குப் போன் செய்ய, அவன் வேனைக் கொண்டுவந்தான். மெத்தையை உள்ளே விரித்து, மாத்திரைப் பையை அவள் மடியில் வைத்தேன். படுக்கையை விட்டு எழக்கூடாதென்று டாக்டர் சொன்ன பெண்ணை வேனில் ஏற்றினேன். "ஒரு நிமிஷம் அப்பாவைப் பார்த்துட்டு வந்தர்றேன்மா" என்று அழுதாள். முடியாது கண்ணு என்றேன். "நாங்க போறது..." என்று ரூபன் ஆரம்பித்தான். "சொல்லாதப்பா. எனக்குத் தெரியக் கூடாது" என்று அவன் வாயைப் பொத்தினேன்.

வேன் போன பிறகு முன்பக்கமாக நடந்து காருக்கு வந்தேன். "வீடு பூட்டியிருக்குதுங்க. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாம்."

அவர் சந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. "சரி" என்று வண்டியைத் திருப்பினார்.

நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "எத்தனை மாசம்?"

"ஏழுங்க."

சொன்ன பிறகுதான், அவள் மாசமாக இருப்பதை ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள் குலுங்கியது. போன் பேசுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். போன் சீட்டிலேயே கிடந்தது, அண்ணன் பெயரோடு அடித்துக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் இறங்கிப் போகவில்லை. என் பக்கத்துக் கதவை உள்ளிருந்து லாக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.